கடைசிப் பாடத்தைப் பழக எந்த வழி? புத்தகம், கைடு, டெஸ்ட் பேட்ச், வீடியோ, சீட்டு டப்பா

தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்திருந்தார். பையன் பத்தாவது. "எட்டாவது பாடம் மட்டும் பிடிபடவே மாட்டேங்குதுங்க சார். கைடு வாங்கிக் குடுக்கறதுங்களா, டெஸ்ட் பேட்ச்சுல சேத்தி உடறதுங்களா, இல்ல யூடியூப் பாத்தாலே போதுங்களா?" ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பியிருக்கிறார்கள். தை பிறந்துவிட்டால் இதே கேள்வி எனக்கு வாரத்துக்கு நாலு தடவை வரும்.

காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டுப் பாடங்கள். 'புள்ளியியலும் நிகழ்தகவும்' எட்டாவது. பள்ளிகளில் அதைத் தொடும்போது மார்கழி வந்துவிடும். அரையாண்டு, பொங்கல் லீவு, திருப்புதல் தேர்வு என்று நாட்கள் ஓடிவிடும். பண்ணாரியில் குண்டம் மிதிக்கிற பங்குனியில் பொதுத்தேர்வு. ஆக, பயிற்சிக்கு மிகக் குறைந்த நாள் கிடைக்கிற பாடம் இதுதான். கிடைக்கிற நாளை எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

நான் கோபியில் வீட்டு மாடியில் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தருகிறவன். கீழே சொல்கிற ஐந்து வழிகளையும் பிள்ளைகளை வைத்துப் பார்த்திருக்கிறேன். சிலதில் சூடும் பட்டிருக்கிறேன்.

## இது ஒரு பாடமில்லை, இரண்டு

எந்த வழி என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே தலைப்பில் இரண்டு வேறு வேலைகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

முதல் பாதி புள்ளியியல். ஐந்து தென்னையில் பறித்த காய்கள் 8, 10, 12, 14, 16 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 12. சராசரியிலிருந்து விலக்கங்கள் −4, −2, 0, 2, 4. வர்க்கப்படுத்தினால் 16, 4, 0, 4, 16. கூட்டினால் 40, ஐந்தால் வகுத்தால் 8, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம், அதாவது காய்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு, சுமார் 2.83. இதில் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்று எனக்கு மனப்பாடம். −4-ஐ வர்க்கப்படுத்தி −16 என்று எழுதுவார்கள். ஐந்தால் வகுக்க மறப்பார்கள். 8 வந்ததும் விடை வந்துவிட்டது என்று அடிக்கோடு போட்டுவிடுவார்கள். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் √8-ஐக் கையால் கண்டுபிடிக்கும்போது திணறுவார்கள். இவை எல்லாமே கைப்பழக்கத்தில் போய்விடும். பதினைந்து கணக்குக்கு அட்டவணை போட்டால் பதினாறாவது தானாக வரும்.

இரண்டாம் பாதி நிகழ்தகவு. இங்கே கூட்டல், வகுத்தல் எல்லாம் மூன்றாம் வகுப்புக் கணக்கு. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 7 வர நிகழ்தகவு என்ன என்று கேட்டேன். ஒரு பையன் 1/7 என்று எழுதினான். எப்படி என்றால், 7 வர மூன்று வழி: ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும். மொத்தம் எத்தனை ஜோடி என்று பொறுமையாக எழுதிப் பார்த்திருக்கிறான், 21. ஆக 3/21. அவன் கணக்கில் பிழையே இல்லை. எண்ணியதில்தான் பிழை. முதல் பகடை 2, இரண்டாவது 5 என்பதும், முதலாவது 5, இரண்டாவது 2 என்பதும் தனித்தனி. மொத்தம் 36, அதில் 7 வருவது 6. விடை 1/6.

அவனைத் திட்டவில்லை. 1754-ல் பிரெஞ்சுக் கணித மேதை டி'ஆலம்பர்ட் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில் இதே மாதிரி ஒரு பிழை செய்திருக்கிறார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ 2/3 வாய்ப்பு என்றார். முதலில் தலை விழுந்துவிட்டால் அப்புறம் சுண்ட வேண்டியதே இல்லையே என்று அதை ஒரே வழியாக எண்ணிவிட்டார். சரியான விடை 3/4. இப்படிப்பட்ட பிழை நாற்பது கணக்குப் போட்டாலும் போகாது. நாற்பது தடவையும் அதே மாதிரி எண்ணி, அதே தப்பு இன்னும் இறுகிப் போகும்.

அதனால் "எது நல்ல வழி" என்று ஒரே பதில் சொன்னால் அது பாதிப் பாடத்துக்குத்தான் பொருந்தும்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் பார்ப்பது நாலு விஷயம்.

முதலாவது, எந்த முறையில் போடுவது என்று முடிவெடுப்பது யார்? "கூட்டல் தேற்றம்" (இரண்டில் ஒன்றாவது நடக்க, இரண்டையும் கூட்டி, இரண்டிலும் வருவதை ஒரு தடவை கழிப்பது) என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் கணக்குப் போட்டால் முடிவைத் தலைப்பே எடுத்துவிடுகிறது. தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது.

இரண்டாவது, தப்பு எப்போது தெரியவரும், அதைக் காட்டுவது யார்? அதே நாளில் தெரிந்தால் மருந்து. பத்து நாள் கழித்துத் தெரிந்தால் அது வெறும் மார்க்.

மூன்றாவது, தாளோடு பொருத்தம். இப்போதைய தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண்ணில் 14 கேள்விக்கு 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணிலும் 14-க்கு 10, கடைசியாக வரைபடத்துக்கும் வடிவியலுக்கும் எட்டு எட்டு. 28-வதும் 42-வதும் கட்டாயக் கேள்விகள். அவை எந்தப் பாடத்திலிருந்தும் வரலாம். "எட்டாவது பாடத்தை விட்டுவிடலாம்" என்கிற யோசனைக்கு அங்கேதான் ஆபத்து.

நான்காவது, வெளியே தெரியாத செலவு. பஸ் நேரம், தூக்கம், போன், வீட்டில் சண்டை எல்லாம் இதில் சேரும்.

## பாடப்புத்தகம்

காசு இல்லை. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே தருகிறார்கள். மற்றவர்கள் பிடிஎஃப்-ஆக இறக்கிக்கொள்ளலாம். 8.1-ல் திட்ட விலக்கம், 8.2-ல் மாறுபாட்டுக் கெழு, 8.3-ம் 8.4-ம் நிகழ்தகவு, 8.5-ல் பலவுள் தெரிவு என்று படிப்படியாகப் போகும்.

புள்ளியியல் பாதிக்கு இதைவிட வேறு எதுவும் தேவையில்லை என்பேன். நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று நாலையும் வரிசையாகச் சொல்லித் தருகிறது. சராசரி முழு எண்ணாக வந்தால் சராசரி முறை, தசமத்தில் வந்தால் ஊகச் சராசரி முறை என்கிற சின்ன விவேகம் போட்டுப் போட்டுத்தான் வரும்.

நிகழ்தகவில் இதன் குறை, நான் மேலே சொன்ன அந்தத் தலைப்பு. எடுத்துக்காட்டில் சீட்டுக்கட்டு, அடுத்த பயிற்சியிலும் சீட்டுக்கட்டு. பிள்ளை கேள்வியைப் படிப்பதே இல்லை, மேலே இருக்கும் எடுத்துக்காட்டில் எண்ணை மாற்றிப் போடுகிறான். இன்னொன்று, பின்பக்க விடைகளில் கடைசி எண் மட்டும்தான் இருக்கும். 1/6 வரவில்லை என்று தெரியும், ஏன் வரவில்லை என்று தெரியாது.

பாடத்தின் கடைசியில் 'அலகுப் பயிற்சி' என்று ஒன்று இருக்கிறது. எல்லாம் கலந்து வரும். பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புத்தகத்தில் நிகழ்தகவுக்கு உருப்படியான பயிற்சி அந்தப் பக்கம்தான்.

## கைடும் பழைய கேள்வித்தாளும்

கைடில் படிகள் இருக்கும். அது நல்லதுதான், ஆபத்தும் அதுதான். ராத்திரி ஒன்பதரைக்குத் தூக்கக் கலக்கத்தில் கைடைப் பார்த்துக் காப்பி அடிக்கிற பிள்ளைக்கு, தான் படிக்கிறோம் என்கிற நினைப்பு வேறு சேர்ந்துகொள்ளும்.

அச்சுப் பிழையும் இருக்கும். மூன்று நாணயங்களைச் சுண்டினால் குறைந்தது இரண்டு தலை விழ நிகழ்தகவு 3/8 என்று போட்ட ஒரு கைடை என்னிடம் ஒரு பெண் கொண்டுவந்தாள். அது 'சரியாக இரண்டு தலை'க்கான விடை. குறைந்தது இரண்டு என்றால் மூன்றும் தலையாக விழுவதையும் சேர்க்க வேண்டும், 4/8, அதாவது 1/2. அந்தப் பெண் முதலில் சரியாகத்தான் போட்டிருந்தாள். கைடைப் பார்த்துவிட்டுத் தன் விடையை அடித்திருந்தாள். அதுதான் எனக்கு வருத்தம்.

பழைய கேள்வித்தாளில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. இப்போதைய புத்தகம் 2019-ல் வந்தது. அந்தப் புத்தகத்தைப் படித்த முதல் பிள்ளைகளுக்கு 2020-ல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. 2021-லும் அப்படியே. 2022 மே மாதம்தான் முதல் தேர்வு, அதுவும் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில். ஆக, "பத்து வருஷக் கேள்வித்தாள் தொகுப்பு" என்று தடிமனாக ஒன்றை வாங்கினால் அதில் ஒரு பகுதி பழைய புத்தகத்துக்கானது. அப்போது ஒரு மதிப்பெண் 15, பத்து மதிப்பெண் 2 என்று தாளின் அமைப்பே வேறு. கணக்குகள் வீண் என்று சொல்லவில்லை, பகடை அன்றைக்கும் ஆறு முகம்தான். ஆனால் தேர்வு எழுதிப் பார்க்க அந்தத் தாள்கள் உதவாது.

பொதுத்தேர்வுத் தாள்கள் தீர்ந்ததும், வேறு மாவட்டத் திருப்புதல் தேர்வுத் தாள்களைத் தேடுங்கள். ஈரோட்டுப் பிள்ளைக்கு நாமக்கல் தாளும் திருப்பூர்ப் பிள்ளைக்குக் கரூர் தாளும் புதுசு. வகுப்பு வாட்ஸ்அப்பில் கேட்டாலே யாராவது அனுப்பிவிடுவார்கள்.

## டெஸ்ட் பேட்ச்

நம் பக்கத்தில் இதற்குத்தான் மவுசு. நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளின் தினத்தேர்வுப் பழக்கம் கொங்கு நாடு முழுக்கப் பரவி, இன்றைக்குச் சின்ன ஊரிலும் மாடிப்படி ஏறினால் ஒரு டெஸ்ட் பேட்ச் இருக்கிறது.

நல்லது என்னவென்றால் கடிகாரம். வீட்டில் இருபது நிமிடம் போட்ட திட்ட விலக்கத்தை அங்கே எட்டு நிமிடத்தில் போட்டாக வேண்டும். அட்டவணையை நேராகப் போடுவது, சூத்திரத்தை முதலில் எழுதிவிட்டு எண்களைப் பிரதியிடுவது, விடைக்கு அலகு போடுவது எல்லாம் அங்கேதான் கைக்கு வருகிறது. ஐந்து மதிப்பெண் கேள்வியில் கடைசி விடை தப்பினாலும் படிகளுக்கு மார்க் உண்டு. அதை யாராவது தாளில் காட்டினால்தான் பிள்ளைக்கு உறைக்கும்.

கட்டணம் என்ன என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். அதோடு நீங்கள் கேட்க வேண்டியது, "திருத்தின தாள் எத்தனை நாள்ல கைக்கு வருமுங்க?" அறுபது பிள்ளைக்கு ஒரே ஆசிரியர் என்றால் சிவப்பு மையில் ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். 1/7 என்று எழுதியவனுக்கு ஒரு பெருக்கல் குறி விழுந்தால், அடுத்த முறை 1/6 என்று மனப்பாடம் செய்துகொண்டு வருவான். கூடுதல் 8 என்று கேட்டால் திரும்பவும் விழுவான்.

அப்புறம் பஸ். ஊருக்குள் இருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு டவுனுக்குப் போய் ஒன்பது மணிக்குத் திரும்புகிற பிள்ளைக்குப் படிப்பு நேரத்தில் மூன்று மணி நேரம் போகிறது, அதில் எழுதுவது ஒரு மணி நேரம். பெண் பிள்ளை என்றால் கூட்டிவர யாராவது பஸ் ஸ்டாண்டில் காத்திருக்க வேண்டும். பால் கறக்கிற வேளையும் அதே வேளைதான் என்று ஒரு அப்பா என்னிடம் சொன்னார். அதெல்லாம் கட்டணத்தில் எழுதியிருக்காது.

இதில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் நானே ஒரு சின்ன டெஸ்ட் பேட்ச் நடத்தினேன். திங்கள் திட்ட விலக்கம், செவ்வாய் மாறுபாட்டுக் கெழு, புதன் பகடை, வியாழன் சீட்டுக்கட்டு (கூட்டல் தேற்றம்) என்று நாள் பிரித்துத் தேர்வு வைத்தேன். எல்லோரும் பிரமாதமாக எழுதினார்கள். பள்ளியில் திருப்புதல் தேர்வு வந்தது, நிகழ்தகவில் பாதிப் பேர் கோட்டை விட்டார்கள். வியாழக்கிழமை அவர்களுக்குக் கூட்டல் தேற்றம் தெரிந்தது, ஏனென்றால் அது வியாழக்கிழமை.

## வீடியோ

வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைக்கு முதல் தடவை புரிய வைக்க இது நல்ல வழி. கூறுவெளிக்கு (வரக்கூடிய எல்லா முடிவுகளின் தொகுப்பு) மர வரைபடம் கிளை விட்டு வளர்வதைக் கரும்பலகையைவிடத் திரையில் தெளிவாகக் காட்டுகிறார்கள். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் காசில்லாமல் கிடைக்கின்றன.

ஆனால் பார்ப்பது பயிற்சி ஆகாது. அடுத்தவர் போடுகிற கணக்கு எப்போதுமே சுலபம். "புரிஞ்சிருச்சு சார்" என்று சொல்கிற பிள்ளையிடம் அதே கணக்கைக் கொடுத்தால் இரண்டாவது வரியில் பேனா நின்றுவிடும். கேள்வியைக் காட்டியதும் நிறுத்தி, தான் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டினால் சரி. அப்படிச் செய்கிற பிள்ளையை நான் இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். மறைமுகச் செலவு, போன். அதை நான் விளக்க வேண்டியதில்லை.

## சீட்டு டப்பா

என் கட்சி இதுதான் என்பதை மறைக்கப்போவதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

பிஸ்கட் டப்பா ஒன்று, பழைய நோட்டில் கிழித்த சீட்டுகள் ஐம்பது. ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு: புத்தகத்திலிருந்து, அலகுப் பயிற்சியிலிருந்து, பக்கத்து மாவட்டத் தாளிலிருந்து. பின்பக்கம் விடை எழுதக் கூடாது, சீட்டின் வரிசை எண் மட்டும். விடைகள் தனி நோட்டில் இருக்கட்டும். தினமும் டப்பாவைக் குலுக்கி ஆறு சீட்டு எடுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

நேற்று ஒரு பெண் எடுத்த சீட்டுகளில் நான்கு:

ஒன்று, சோமனூரில் இரண்டு தறி. முதல் தறியில் ஒரு நாள் நெசவு சராசரி 60 மீட்டர், திட்ட விலக்கம் 6. இரண்டாவதில் சராசரி 40, திட்ட விலக்கம் 5. எது நிலையாக ஓடுகிறது? திட்ட விலக்கம் குறைவு என்பதால் இரண்டாவது என்று சொல்லத் தோன்றும். திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் மாறுபாட்டுக் கெழு முதலாவதுக்கு 10%, இரண்டாவதுக்கு 12.5%. முதல் தறிதான்.

அடுத்தது, 52 சீட்டுள்ள சீட்டுக்கட்டில் ஒன்றை எடுத்தால் அது ராஜாவாகவோ சிவப்பாகவோ இருக்க நிகழ்தகவு. 4-ம் 26-ம் கூட்டி 30/52 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "சிவப்பு ராஜாவை எத்தனை தடவை எண்ணினாய் கண்ணு?" என்றேன். அடித்துவிட்டு 28/52, அதாவது 7/13 என்று எழுதினாள்.

மூன்றாவது, தென்னங்காய்க் கணக்கு. ஒவ்வொரு மரத்திலும் 5 காய் கூடினால் திட்ட விலக்கம் என்ன ஆகும்? திரும்ப அட்டவணை போட ஆரம்பித்தாள். போடட்டும் என்று விட்டேன். 2.83-ஏ வந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாலாவது, மூன்று நாணயத்தில் ஒரு தலையாவது. நிரப்பு நிகழ்ச்சியை, அதாவது ஒரு தலையும் விழாத 1/8-ஐ, ஒன்றிலிருந்து கழித்தால் ஒரே வரியில் 7/8.

தறி, சீட்டு, தென்னை, நாணயம் என்று மாறி மாறி வரும்போது ஒவ்வொரு தடவையும் "இது என்ன மாதிரி கணக்கு?" என்று முதலில் யோசித்தாக வேண்டும். தேர்வில் கேட்கப்படுவதும் அந்த யோசனைதான். அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைக் கன அளவுக் கணக்குகளைப் பழக்கினார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89% சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60%. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் கூட்டம் 20%, கலந்து போட்டவர்கள் 63%. என்னுடைய அந்த வியாழக்கிழமை கதையை இதைப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

குறை இல்லாமல் இல்லை. முதல் பத்து நாள் பிள்ளைக்கு அழுகை வரும். ஆறு கணக்கில் மூன்று தப்பாகும், "முன்னாடி நல்லாப் போட்டுட்டு இருந்தானே" என்று வீட்டில் கேட்பார்கள். பாடமே இன்னும் புரியாத பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்தால் வெறுப்புதான் மிஞ்சும். விடை தப்பானால் ஏன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அண்ணனோ அக்காவோ, கூடப் படிக்கிற நண்பனோ. இரண்டு பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் சீட்டு எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. அடுத்தவனை மாட்டிவிட வேண்டும் என்று கணக்கு அமைக்கும்போது வருகிற கூர்மை வேறு எதிலும் வராது.

எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போடுவதா? சரியாகப் போட்டால் வெளியே, தப்பானால் திரும்பவும் உள்ளே. "அப்படின்னா தப்பான கணக்கே திரும்பத் திரும்ப வர நிகழ்தகவு கூடுமே சார்" என்றான் ஒரு பையன். அவனுக்கு அன்றைக்கு மேற்கொண்டு பயிற்சி தேவைப்படவில்லை.

வீட்டில் இருப்பதையும் பயன்படுத்தலாம். சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு ஸ்பேடு, கிளாவர் என்றால் அயல்நாட்டுப் பாஷை. ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன், அவன் அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) "என்றா சாமி, படிக்கற வயசுல சீட்டாட்டம்?" என்று பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டார். ஆனால் அதே அம்மிச்சியிடம் தாயக்கட்டை இருந்தது. பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 வழி. தாயம், அதாவது கூடுதல் ஒன்று, விழ இரண்டே வழி, 1/8. மூன்று விழ நாலு வழி, 1/4. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு 1/16. தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற எரிச்சல் ஏன் அவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அவனுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

## ஒரே பார்வையில்

| வழி | முறையை முடிவு செய்வது | தப்பு தெரிவது | மறைமுகச் செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| பாடப்புத்தகம் | தலைப்பு | விடைப் பக்கத்தில், காரணமில்லாமல் | எடுத்துக்காட்டைப் பார்த்தே போடுவது | புள்ளியியல் முழுக்க; தொடக்கத்தில் எல்லோருக்கும் |
| கைடு, பழைய தாள் | கைடில் கைடு. தாளில் பிள்ளை | உடனே, ஆனால் பிழை இருக்கலாம் | பழைய பாடத்திட்டத் தாள்கள் | கடைசி ஆறு வாரம் |
| டெஸ்ட் பேட்ச் | தாள் கலந்திருந்தால் பிள்ளை | திருத்தி வரும்போது | பஸ், தூக்கம், கூட்டிவர ஆள் | தெரியும், ஆனால் நேரம் போதாத பிள்ளைக்கு |
| வீடியோ | வீடியோக்காரர் | தெரியவே தெரியாது | போன் | வகுப்பு தவறியிருந்தால், ஒரே ஒரு தடவை |
| சீட்டு டப்பா | பிள்ளை | அன்றைக்கே, சொல்ல ஆள் இருந்தால் | முதல் பத்து நாள் சோர்வு | நிகழ்தகவு. பாடம் புரிந்த பிறகு |

## நாள் எவ்வளவு இருக்கிறது?

பத்து வாரம் இருந்தால் முதல் மூன்று வாரம் புத்தகம், அப்புறம் டப்பா, கடைசியில் தாள்கள். இந்த வரிசையில் தனியாகக் காசு செலவழிக்க வேண்டிய இடமே இல்லை.

மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் புள்ளியியலை முதலில் பிடியுங்கள். போட்ட உழைப்புக்குச் சீக்கிரம் பலன் தருவது அந்தப் பாதிதான். முதல் n இயல் எண்களின் திட்ட விலக்கத்துக்குச் சூத்திரம், மாறுபாட்டுக் கெழு ஒப்பீடு இரண்டும் கையில் இருக்கட்டும். நிகழ்தகவில் இரண்டு பகடை, மூன்று நாணயம், சீட்டுக்கட்டு மூன்றின் கூறுவெளியையும் முழுசாக எழுதி வைத்துக்கொண்டு டப்பாவில் எடுக்கிற கணக்குகளை அதைப் பார்த்துப் போடுங்கள்.

ஒரு வாரம் என்றால் புதிதாக எதிலும் சேர வேண்டாம். தப்பான கணக்குகளை மட்டும் திரும்பப் போட்டால் போதும்.

## பிளஸ் டூவும் இன்ஜினியரிங்கும்

பிளஸ் டூ கணிதத்தில் நிகழ்தகவுப் பரவல்கள் பதினோராவது பாடம். அங்கேயும் இதே பிரிவினைதான். ஈருறுப்புப் பரவலில் பிரதியிடுவது கைப்பழக்கம். 'குறைந்தது', 'அதிகபட்சம்' என்ற சொற்களைச் சரியாக வாசிப்பதுதான் கணக்கு.

இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. அண்ணா பல்கலைக்கழகத் தாளில் இரண்டு மதிப்பெண் 10, பதின்மூன்று மதிப்பெண் 5, பதினைந்து மதிப்பெண் 1. ஆனால் பெருந்துறை, கோவைப் பக்கம் தன்னாட்சிக் கல்லூரிகள் நிறைய. அவர்கள் தாளை அவர்களே தயாரிக்கிறார்கள். சீனியரிடம் உங்கள் கல்லூரித் தாளைக் கேட்டு வாங்குங்கள். கருதுகோள் சோதனைக் கணக்குகளை டப்பாவில் போட்டால் அங்கேயும் பலன் தெரியும்: ஒருமுனையா இருமுனையா என்று முடிவெடுக்காமல் 5% மட்டத்தில் இருமுனைக்கான 1.96-ஐ எடுப்பதா ஒருமுனைக்கான 1.645-ஐ எடுப்பதா என்று தெரியாது. தலைப்புப் போட்ட பயிற்சியில் அந்த முடிவை யாரும் எடுப்பதில்லை.

தாராபுரத்து அம்மாவுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பையன் பாடத்தைப் புரிந்துகொண்டுதான் இருக்கிறான். போனில் இரண்டு கணக்குக் கொடுத்துப் பார்த்தேன், திட்ட விலக்கம் சுத்தமாகப் போட்டான், சீட்டுக் கணக்கில் சிவப்பு ராஜாவை இரண்டு தடவை எண்ணினான். டெஸ்ட் பேட்ச் வேண்டாம், ஊரிலிருந்து டவுனுக்குப் போய்வரவே பொழுது போய்விடும் என்றேன். கைடு? ஏற்கெனவே வாங்கிவிட்டாராம். "அப்ப அதைத் தூக்கிப் போட்டர்றதுங்களா?" என்றார். வேண்டாம், கணக்குகளைச் சீட்டில் எழுதிக்கொள்ளட்டும், விடைப் பக்கங்களை மட்டும் கிழித்து அவனுடைய அம்மிச்சியிடம் கொடுத்து வையுங்கள், ராத்திரி எட்டரைக்கு மேல் ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்றேன்.